விடை சொல்லும் முன் அரங்கைக் கேளுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

மருத்துவர்களுக்கான சி.எம்.இ. (மருத்துவத் தொடர் கல்வி) கூட்டங்களிலும் மாநாடுகளிலும் கைபேசி வழியாகக் கேள்வி கேட்டு, அரங்கத்தினரின் விடைகளைத் திரையில் காட்டும் வழக்கம் பரவிவிட்டது. அதுபற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். எடுத்துக்காட்டுகளைப் பாம்புக்கடி சிகிச்சையிலிருந்து எடுத்திருக்கிறோம். தமிழ்நாட்டில் எந்த மாவட்டத்து மருத்துவருக்கும் அது பழகிய விஷயம். தவறான நம்பிக்கைகள் மண்டிக் கிடப்பதும் அதில்தான்.

*எங்கள் சங்கக் கிளையின் ஆண்டு மாநாட்டில் ஒவ்வோர் உரையிலும் வாக்கெடுப்பு வைத்தோம். எல்லோருக்கும் பிடித்திருந்தது. "ஆனால் இதனால் யாராவது ஏதாவது கற்றார்களா?" என்று செயற்குழுவில் ஒருவர் கேட்டார். எங்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.*
– மருத்துவர், சேலம்

அவர் கேட்டது சரியான கேள்வி. பிடித்திருப்பது வேறு, மனத்தில் தங்குவது வேறு. வாக்கெடுப்பு வைத்தால் கூட்டத்தினர் உற்சாகமாக இருக்கிறார்கள் என்பதை எந்த அரங்கிலும் பார்க்கலாம். அறிவு நிலைத்ததா என்று தேடிய ஆய்வுகளின் முடிவுகள் அத்தனை ஒருமித்து இல்லை. காரணம் எளிது. ஒரே கருவியைச் சிலர் கற்பிக்கப் பயன்படுத்துகிறார்கள், சிலர் தூக்கம் கலைக்கப் பயன்படுத்துகிறார்கள்.

கற்றல் நடப்பது கருவியில் இல்லை. நினைவிலிருந்து ஒன்றைத் தோண்டி எடுக்கும் முயற்சியில் நடக்கிறது. 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களிடம் ஒரு பத்தியைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினர் அதையே மறுபடி படித்தார்கள். இன்னொரு பிரிவினர் மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதினார்கள். 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்கள் முன்னே நின்றார்கள். ஒரு வாரம் கழித்து நிலை தலைகீழானது. நினைவிலிருந்து எழுதியவர்களிடம்தான் பாடம் தங்கியிருந்தது. மாநாடு முடிந்த மாலையில் எடுக்கும் கணக்கு ஏன் நம்மை ஏமாற்றுகிறது என்பதற்கும் இதிலேயே விடை உண்டு.

இன்னொரு வழி ஹார்வர்டில் இயற்பியல் கற்பிக்கும் எரிக் மஜூர் 1991இல் தொடங்கியது. கேள்வி கேட்பார். ஒவ்வொருவரும் தனியாக விடை தருவார்கள். பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் தம் காரணத்தைச் சொல்லி வாதிடுவார்கள். அதன்பின் மறுபடி வாக்கு. ஆசிரியரின் விளக்கம் கடைசியில்தான். "பக்கத்தில் இருந்த கெட்டிக்காரரைப் பார்த்து மாற்றியிருப்பார்கள்" என்று தோன்றலாம். 2009இல் 'சயின்ஸ்' இதழில் வந்த கொலராடோ பல்கலைக்கழக ஆய்வு அந்தச் சந்தேகத்தை எடுத்துப் பார்த்தது. முதலில் ஒருவருக்கும் விடை தெரியாத குழுக்களில்கூட, பேசிய பிறகு அதே கருத்தின் மேல் கேட்ட புதிய கேள்விக்குச் சரியாகச் சொன்னவர்கள் கூடியிருந்தார்கள்.

ஆகவே உங்கள் செயற்குழு நண்பரிடம் மூன்று விஷயங்களைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். பாடத்துக்கு முன் கேள்வி வந்ததா? பேச இடம் கிடைத்ததா? வாக்கைப் பார்த்துப் பேச்சாளர் தம் உரையை மாற்றிக்கொண்டாரா? மூன்றாவதுதான் உயிர்நாடி. அரங்கில் 60 சதவீதம் பேர் தவறாகச் சொன்ன பிறகும் பேச்சாளர் "சரி, அடுத்த ஸ்லைடு" என்று நகர்ந்தால், அந்த வாக்கு எடுத்திருக்கவே வேண்டாம்.

*மாவட்ட சி.எம்.இ.யில் பாம்புக்கடி பற்றி 30 நிமிடம் பேச அழைத்திருக்கிறார்கள். எத்தனை கேள்வி வைக்கலாம்? எப்படி அமைப்பது?*
– பொது மருத்துவர், திருநெல்வேலி

மூன்று. அதற்கு மேல் வேண்டாம்.

முழுச் சுற்றுக்கு ஆகும் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். கேள்வியை வாய்விட்டுப் படிக்க 20 வினாடி. வாக்குக்கு 45 முதல் 60 வினாடி. பக்கத்தவரோடு பேச 2 நிமிடம். மறுவாக்குக்கு 30 வினாடி. விளக்கத்துக்கு 3 நிமிடம். மொத்தம் 7 நிமிடம். பேச்சு இல்லாத குறுஞ்சுற்று என்றால் 3, 4 நிமிடம். 30 நிமிட உரையில் ஒரு முழுச் சுற்றும் இரண்டு குறுஞ்சுற்றும் சேர்ந்தாலே பாதி நேரம் போய்விடும். 45 ஸ்லைடு வைத்திருந்தால் 20ஆகக் குறையுங்கள். குறைக்க மனம் வராதவர் வாக்கெடுப்பே வைக்காமல் இருப்பது நல்லது. இரண்டையும் திணிக்கும்போது முதலில் பலியாவது விளக்கம்தான்.

இனி கேள்வி. "இந்தியாவில் கிடைக்கும் ஏ.எஸ்.வி. (பாம்பு நஞ்சுமுறி மருந்து) எத்தனை வகைப் பாம்புகளின் நஞ்சுக்கு எதிரானது?" என்று கேட்காதீர்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என நான்கு என்று அரங்கமே சொல்லும். தெரிந்ததைக் கேட்டதால் யாருக்கும் லாபமில்லை. அறிவு சறுக்கும் இடத்தைத் தேடிப் பிடியுங்கள். இப்படி:

"9 வயதுச் சிறுமி, எடை 22 கிலோ. கண்ணாடி விரியன் கடித்திருக்கிறது. 20 நிமிடச் சோதனையில் இரத்தம் உறையவில்லை. ஏ.எஸ்.வி. முதல் தவணை எவ்வளவு? அ) எடைக்கேற்ப 3 குப்பி. ஆ) பெரியவருக்குரியதில் பாதி, 5 குப்பி. இ) பெரியவருக்குரிய அதே 10 குப்பி. ஈ) முதலில் தோலில் சோதனை ஊசி, பிறகு முடிவு."

விடை இ. குழந்தை என்பதால் பாம்பு நஞ்சைக் குறைத்துச் செலுத்துவதில்லை. ஏ.எஸ்.வி. முறிக்க வேண்டியது நஞ்சை, அதற்கு உடல் எடை கணக்கில்லை. கலக்கும் திரவத்தின் அளவைத்தான் குழந்தையின் எடைக்கேற்பக் குறைப்போம். தவறான விடைகளைக் கவனியுங்கள். மூன்றுமே வார்டில் உண்மையாகவே செய்யப்படும் தவறுகள். சோதனை ஊசி வேண்டாம் என்று வழிகாட்டுதல்கள் சொல்லிப் பல ஆண்டுகள் ஆகியும் பழக்கம் விடவில்லை. இப்படி ஒவ்வொரு தவறான விடைக்குப் பின்னாலும் ஒரு தவறான எண்ணம் இருந்தால், திரையில் எந்த விடையின் கோடு உயர்கிறது என்று பார்த்தவுடன் எதை விளக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். "இவற்றில் எதுவுமில்லை" என்ற விடையால் அந்தத் தகவல் கிடைக்காது. "மேற்கண்ட அனைத்தும்" இன்னும் மோசம். இரண்டு சரி என்று தெரிந்தாலே மூன்றாவதைப் படிக்காமல் அதைத் தொட்டுவிடுவார்கள்.

முழுச் சுற்றுக்கு ஏற்றது இது: "தரையில் படுத்து உறங்கிய 30 வயது விவசாயத் தொழிலாளி. விடியற்காலை வயிற்றுவலி, வாந்தி. இப்போது இரு கண்ணிமைகளும் தொங்குகின்றன. கடிவாய் எங்கும் இல்லை. 20 நிமிடச் சோதனையில் இரத்தம் உறைகிறது. அடுத்து என்ன?" இரைப்பை வலி என்று ஊசி போடுவது, பக்கவாதம் என்று தலைக்கு ஸ்கேன் எடுப்பது, கட்டுவிரியன் என்று கருதி ஏ.எஸ்.வி. தொடங்கி மூச்சுக்குழாய் செருகத் தயாராவது, கடிவாய் இல்லாததால் கண்காணிப்பில் வைப்பது என நான்கு விடைகள். மூன்றாவதுதான் சரி. கட்டுவிரியன் கடித்த தடம் பல நேரம் தெரியாது, வீக்கமும் வலியும் இருக்காது. இரத்தம் உறைவதைப் பார்த்து ஏமாறுகிறவர்களும், கடிவாய் இல்லை என்று தயங்குகிறவர்களும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைப் பேசவிடுங்கள்.

மூன்றாவது கேள்வி செய்முறை பற்றி இருக்கட்டும். "கையில் கிடைத்த பிளாஸ்டிக் குழாயில் 2 மி.லி. இரத்தம் எடுத்து 20 நிமிடம் வைத்தீர்கள். உறையவில்லை. வேறு அறிகுறி எதுவும் இல்லை. என்ன செய்வீர்கள்?" புதிய, சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் மறுபடி செய்ய வேண்டும். உறைதலைத் தூண்டுவது கண்ணாடியின் பரப்பு. பிளாஸ்டிக்கில் அது நடக்காது. சோப்பு போட்டுக் கழுவிய கண்ணாடியும் ஏமாற்றும். இந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டு எல்லோரும் தத்தம் வார்டில் கண்ணாடிக் குழாய் இருக்கிறதா என்று பார்க்கப் போனால்கூட உங்கள் 30 நிமிடத்துக்குப் பலன் கிடைத்துவிட்டது.

எழுதி முடித்ததும் விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு கேள்வியை மட்டும் ஒரு சக மருத்துவரிடம் படித்துக் காட்டுங்கள். விடைகளைப் பார்க்காமலே அவரால் பதில் சொல்ல முடிய வேண்டும். முடியாவிட்டால் கேள்வி சரியில்லை.

*முதல் வாக்கின் முடிவைப் பார்த்த பிறகு அரங்கைப் பேசவிடுவதா, நேரே விளக்குவதா என்று எப்படி முடிவு செய்வது?*
– முதுநிலை மாணவர், சென்னை

மஜூரின் கணக்கு இன்றும் உதவுகிறது. சரியாகச் சொன்னவர்கள் 30 முதல் 70 சதவீதத்துக்குள் இருந்தால் பேசவிடுங்கள். வாதிடச் சரியானவர்களும் இருப்பார்கள், மாற்றிக்கொள்ளத் தவறானவர்களும் இருப்பார்கள். 30க்குக் கீழே போனால் பேச்சு தவறைத்தான் பரப்பும். நேரே விளக்குங்கள், அல்லது ஒரு குறிப்பு கொடுத்து மறுபடி வாக்கெடுங்கள். 70க்கு மேல் என்றால் ஒரு நிமிடத்தில் காரணத்தைச் சொல்லிவிட்டு, அதற்கென்று வைத்திருந்த ஸ்லைடுகளைத் தாண்டிப் போங்கள். மிச்சமான நேரம் அடுத்த கேள்விக்கு.

*வாக்கு விழ விழத் திரையில் கோடுகள் உயர்வதைக் காட்டினால் விறுவிறுப்பாக இருக்கிறது. அதில் தவறு உண்டா?*
– நிகழ்ச்சி அமைப்பாளர், கோயம்புத்தூர்

உண்டு. 1950களில் சாலமன் ஆஷ் செய்த சோதனைகளில், கண்ணெதிரே தெரியும் கோட்டின் நீளத்தையே பலர் கூட்டத்தோடு சேர்ந்து தவறாகச் சொன்னார்கள். மருந்தின் அளவில் சந்தேகத்தோடு இருப்பவர் உயரும் கோட்டைப் பார்த்தால் என்ன செய்வார் என்று சொல்லத் தேவையில்லை. வாக்கு முடியும் வரை முடிவை மறைத்து வையுங்கள். எத்தனை பேர் வாக்களித்தார்கள் என்ற எண்ணிக்கை மட்டும் ஓடட்டும். எல்லா முக்கியச் செயலிகளிலும் இதற்கு அமைப்பு இருக்கிறது.

பேச்சுக்கு முன்பும் கோடுகளைக் காட்ட வேண்டாம் என்பதே எங்கள் யோசனை. பேச்சாளரும் அமர்வுத் தலைவரும் மட்டும் பார்த்துவிட்டு, "விடைகள் பிரிந்திருக்கின்றன, பக்கத்தில் இருப்பவரிடம் உங்கள் காரணத்தைச் சொல்லுங்கள்" என்றால் போதும். மறுவாக்குக்குப் பிறகு இரண்டு முடிவுகளையும் அருகருகே காட்டுங்கள். தான் மாறியதை அரங்கம் தானே பார்க்கும்.

*400 பேர் உட்காரும் அரங்கு. வைஃபை புதிதாகப் போட்டிருந்தார்கள், வினாடிக்கு 100 மெகாபிட் வேக இணைப்பு. காலையில் முதல் வாக்கெடுப்பு நன்றாக நடந்தது. 11 மணிக்கு மேல் வந்தவர்கள் யாராலும் இணைய முடியவில்லை. சுமார் 250 பேரோடு நின்றுவிட்டது. அடுத்த மாதம் மறுபடி மாநாடு. என்ன செய்யலாம்?*
– மாநாட்டுத் தொழில்நுட்பப் பொறுப்பாளர், மதுரை

250 என்ற எண்ணே நோயைச் சொல்லிவிடுகிறது. வழக்கமான ரவுட்டர் தன் வலைப்பின்னலில் அதிகபட்சம் 254 முகவரிகள்தான் தரும். இணையும் ஒவ்வொரு கருவிக்கும் ஒன்று போகும். வாசலில் காபி குடித்துவிட்டுப் போனவரின் கைபேசிக்கும் ஒன்று போயிருக்கும். கொடுத்த முகவரியைப் பல ரவுட்டர்கள் 24 மணி நேரம் திரும்ப வாங்காது. அவர் வீட்டுக்குப் போன பிறகும் அந்த இடம் காலியாகாது. இரண்டு மாற்றம் செய்யச் சொல்லுங்கள். முகவரித் தொகுதியை 1,022 முகவரிகள் கொண்டதாக விரிக்க வேண்டும். நெட்வொர்க் ஆளிடம் "ஸ்லாஷ் 22" என்றால் புரியும். முகவரியைத் திரும்ப எடுக்கும் நேரத்தை ஒரு மணியாகக் குறைக்க வேண்டும்.

எண்ணிக்கை எங்கே நிற்கிறது என்பதைக் கவனித்தே மற்ற கோளாறுகளையும் கண்டுபிடிக்கலாம். 50, 100 என்று முழு எண்ணில் நின்றால், அது நீங்கள் எடுத்த இலவசக் கணக்கின் வரம்பு. மென்டிமீட்டர், ஸ்லைடோ, போல் எவ்ரிவேர் என வாக்கெடுப்புச் செயலிகள் எல்லாவற்றிலும் இலவசக் கணக்கில் ஆள் வரம்பு உண்டு, அது அவ்வப்போது மாறுகிறது. பணம் கட்டும் நாளிலும் மாநாட்டுக்கு முந்தைய வாரத்திலும் பாருங்கள். ஒரு பக்க இருக்கைகளில் மட்டும் இணைய முடியவில்லை என்றால், அந்தப் பகுதியின் ஆக்சஸ் பாயின்ட்டில் (வைஃபை அலையைப் பரப்பும் கருவி) கூட்டம் அதிகம். கைபேசித் தரவில் வேலை செய்து வைஃபையில் மட்டும் பக்கம் திறக்கவில்லை என்றால், அரங்கின் ஃபயர்வால் தடுக்கிறது. எல்லோருக்கும் திறக்கிறது ஆனால் வாக்கு சேரவில்லை என்றால், பெரும்பாலும் பேச்சாளர் கேள்வியைத் திறக்க மறந்திருப்பார்.

100 மெகாபிட் வேகத்தை நம்ப வேண்டாம். ஒரு வாக்குக்குச் செலவாகும் தரவு மிகச் சிறியது. நெருக்கடி 400 பேர் ஒரே அரை நிமிடத்தில் இணைவதில் இருக்கிறது. ஓர் ஆக்சஸ் பாயின்ட்டுக்கு 50 கருவி என்று வைத்துக்கொண்டால் 400 பேருக்கு 8 தேவை. மடிக்கணினிகளையும் சேர்த்து 10 வையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே மூன்று. 10 கருவிகளை அதில் வைத்தால் ஒன்றின் குரலை ஒன்று அமுக்கிவிடும். ஆகவே 5 கிகாஹெர்ட்ஸில் இயங்கட்டும். தலைக்கு மேல் உயரத்தில் மாட்டுங்கள். மனித உடல் அலையை விழுங்கும். காலி அரங்கில் சோதித்தபோது நன்றாக இருந்தது நிறைந்த அரங்கில் படுத்துவிடுவது இதனால்தான். ஓ.டி.பி. கேட்டு உள்ளே விடும் வைஃபை என்றால், மாநாட்டு நேரத்துக்கு அதை நீக்கி ஒரே கடவுச்சொல் வைக்கச் சொல்லுங்கள். குறுஞ்செய்தி வரும்வரை யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

மேடை மடிக்கணினியை மட்டும் வைஃபையில் விடாதீர்கள். அதற்குக் கேபிள் இணைப்பு வேண்டும். அதன் தூக்க நிலை, தானியங்கி அப்டேட், அறிவிப்புகள் மூன்றையும் அணைத்து வையுங்கள். ஸ்லைடிலிருந்து உலாவிக்கும் உலாவியிலிருந்து ஸ்லைடுக்கும் தாவுவதைப் பேச்சாளரிடம் விடாமல், கூட ஒரு முதுநிலை மாணவரை உட்கார வைப்பது உத்தமம்.

க்யூஆர் கோடின் அளவுக்கு ஒரு கணக்கு உண்டு. பார்க்கும் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு அகலம். கடைசி வரிசை 25 மீட்டரில் இருந்தால் திரையில் க்யூஆர் கோடு 2.5 மீட்டர் அகலம் வேண்டும். எந்த ஸ்லைடின் மூலையிலும் அது அடங்காது. முழு ஸ்லைடாகக் காட்டுங்கள். கூடவே பேட்ஜின் பின்பக்கம் அச்சிடுங்கள். இரண்டு நாள் மாநாட்டுக்கும் ஒரே க்யூஆர் கோடு, ஒரே இணைய முகவரி. உரைக்கு ஒன்றாக மாற்றினால் ஒவ்வொரு முறையும் 3 நிமிடம் போகும்.

முதல் உண்மைக் கேள்விக்கு முன் ஒரு வெள்ளோட்டக் கேள்வி வையுங்கள். "எந்த மாவட்டத்திலிருந்து வருகிறீர்கள்?" போதும். இணைப்புச் சிக்கல்கள் அதிலேயே வெளிவந்துவிடும்.

*கிளிக்கர் வாடகைக்கு எடுப்பதா, கைபேசியே போதுமா?*
– மருத்துவர், தஞ்சாவூர்

அரங்கில் இணையம் நம்பத்தகாததாக இருந்தால் கிளிக்கர், அதாவது பொத்தானை அழுத்தி வாக்களிக்கும் சிறு கருவி. இப்போதுள்ளவை 2.4 கிகாஹெர்ட்ஸ் வானொலி அலையில் நேரே மேடை மடிக்கணினியில் செருகிய ரிசீவரோடு பேசுகின்றன, இணையம் தேவையில்லை. பழைய அகச்சிவப்புக் கருவிகளை யாராவது மலிவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள். ரிசீவரை நேராகப் பார்த்து அழுத்த வேண்டும், முன்னால் இருப்பவரின் தலை மறைத்தால் வாக்கு சேராது. பேட்டரி தீர்ந்தவை, வேலை செய்யாதவை என 100க்கு 10 கூடுதலாக எடுங்கள். திரும்ப வாங்க ஒவ்வொரு வாசலிலும் ஒரு தன்னார்வலரும் ஒரு பெட்டியும் வேண்டும். மாலை வரை காத்திருந்தால் பாதி சட்டைப் பைகளோடு ஊர் போய்விடும்.

40, 50 பேர் மட்டுமே உள்ள கூட்டம் என்றால் இரண்டுமே வேண்டாம். நான்கு நிற அட்டைகளைச் செட்டாக வெட்டிக் கொடுங்கள். "ஒன்று, இரண்டு, மூன்று" என்றதும் எல்லோரும் ஒரே நேரத்தில் மார்பருகே பிடிக்க வேண்டும். தலைக்கு மேல் தூக்கினால் பின்னால் இருப்பவர் பார்த்துவிடுவார். எண்ணிக்கை துல்லியமாக வேண்டும் என்றால் ப்ளிக்கர்ஸ் அட்டைகளை அச்சிடலாம். அட்டையை எந்தப் பக்கம் திருப்பிப் பிடிக்கிறார் என்பதுதான் விடை. பேச்சாளரின் கைபேசிக் கேமரா ஒரு சுற்றில் படித்துவிடும். 63 அட்டை வரை உண்டு. அந்த ஒரு கைபேசிக்கு மட்டும் இணையம் இருந்தால் போதும்.

*எங்கள் துறைத் தலைவர் முன்வரிசையில் இருக்கிறார். தவறாக வாக்களித்தால் தெரிந்துவிடுமோ என்று இளையவர்கள் வாக்களிப்பதே இல்லை.*
– உதவிப் பேராசிரியர், வேலூர்

அந்த அச்சம் நியாயமானது. பெயர் கேட்காத முறையில் கேள்வியை அமையுங்கள். அதைத் திரையிலும் எழுதிக் காட்டுங்கள். அதிக மதிப்பெண் எடுத்தவர் பட்டியலைத் திரையில் ஓட்டும் வசதி சில செயலிகளில் இருக்கிறது, அணைத்துவிடுங்கள். வேகத்துக்கு மதிப்பெண் தரும் விளையாட்டு முறையும் வேண்டாம். நோயாளி முன் யோசிக்க வேண்டியவர்களை யோசிக்காமல் தொடப் பழக்குகிறது அது.

வருகைப் பதிவையும் கிரெடிட் புள்ளியையும் வாக்கெடுப்போடு இணைக்கும் யோசனை அமைப்பாளர்களுக்கு அடிக்கடி வருகிறது. செய்யாதீர்கள். புள்ளிக்காக ஏதோ ஒன்றைத் தொட்டுவிட்டுப் போவார்கள், உங்கள் முடிவு குப்பையாகும். பெயரும் கைபேசி எண்ணும் சேகரித்தால் 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

முன்வாக்கையும் பின்வாக்கையும் ஒரே ஆளுக்கு இணைத்துப் பார்க்க வேண்டுமா? தாயாரின் பெயரின் முதல் எழுத்தும், தாம் பிறந்த தேதியும், கைபேசியின் கடைசி இரண்டு எண்ணும் சேர்த்து ஒரு குறியீட்டை அவர்களே எழுதட்டும். மறக்காது, மேடையில் இருப்பவருக்கு ஆளும் தெரியாது.

துறைத் தலைவரிடம் தனியே ஒரு வேண்டுகோள் வைக்கலாம்: வாக்கு முடியும் வரை அவர் பேசாமல் இருந்தால் போதும்.

*உரைக்கு முன் 42 சதவீதம், உரைக்குப் பின் 81 சதவீதம் பேர் சரியாகச் சொன்னார்கள். அறிக்கையில் "அறிவு இரட்டிப்பானது" என்று எழுதலாமா?*
– மருத்துவக் கல்லூரி ஆசிரியர், திருச்சி

சதவீதத்தை விட்டுவிட்டு ஆட்களை எண்ணிப் பாருங்கள். நீங்கள் அனுப்பிய தாளில் முதல் வாக்கில் 180 பேர், அவர்களில் சரி 76. இரண்டாவதில் 95 பேர், சரி 77. அதாவது சரியாகச் சொன்னவர்கள் கூடியது ஒருவர். மீதி 85 பேர் எழுந்து போய்விட்டார்கள். போனவர்கள் விடை தெரியாதவர்களா, தெரிந்ததால் சலித்தவர்களா என்று இந்தக் கணக்கு சொல்லாது. இரண்டு முறையும் வாக்களித்தவர்களை மட்டும் மேலே சொன்ன குறியீட்டால் இணைத்து, தவறிலிருந்து சரிக்கு எத்தனை பேர், சரியிலிருந்து தவறுக்கு எத்தனை பேர் என்று எழுதுங்கள். இரண்டாவது எண்ணிக்கையை யாரும் எழுதுவதில்லை. பேச்சாளர் எங்கே குழப்பினார் என்று காட்டுவது அதுதான்.

அதே கேள்வியை 25 நிமிடம் கழித்துக் கேட்டதும் ஒரு குறை. விடையை மட்டும் நினைவில் வைத்திருந்தாலே போதும். பின்வாக்கில் நோயாளியை மாற்றுங்கள். 22 கிலோ சிறுமிக்குப் பதில், பாம்பு கடித்த 95 கிலோ எடையுள்ள ஆள். கொள்கை புரிந்தவர் எடையைக் கூட்டியும் கணக்கிட மாட்டார், அதே 10 குப்பியில்தான் தொடங்குவார். ஆறு வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் இன்னொரு வடிவத்தை அனுப்புங்கள். பதில் குறைவாகத்தான் வரும். ஆனாலும் அன்றைய மாலையின் 81ஐவிட நம்பத்தக்கது.

மருத்துவத் தொடர் கல்வியின் பலனை ஏழு படிகளாகப் பிரிக்கும், மூர் என்பவரின் சட்டகம் 2009இல் வெளியானது. வந்தார்கள், பிடித்திருந்தது, கற்றார்கள், செய்து காட்ட முடிந்தது, பணியில் செய்தார்கள், நோயாளிக்குப் பலன், சமூகத்துக்குப் பலன். அரங்க வாக்கெடுப்பு மூன்றாம் படியைத் தொடும். நல்ல நோயாளிக் கேள்வியாக இருந்தால் நான்காம் படியின் வாசல் வரை போகும். அதற்கு மேல் உள்ளதை அறிக்கையில் எழுதாதீர்கள்.

*விவாதத்துக்குரிய சிகிச்சை பற்றி அரங்கில் 70 சதவீதம் பேர் ஒரு பக்கம் நின்றார்கள். அதையே மாநாட்டின் பரிந்துரையாக அறிவிக்கலாமா?*
– வாசகர், ஈரோடு

கூடாது. வந்திருந்தவர்களின் பழக்கம் அது, சான்று இல்லை. வழக்கம் கேட்கும் கேள்வியையும் விடை உள்ள கேள்வியையும் ஒரே நிறத்தில் காட்டாதீர்கள். "உங்கள் மருத்துவமனையில் என்ன செய்கிறீர்கள்?" என்று தெளிவாகத் தலைப்பிட்டால் அதுவும் பயனுள்ள தகவலே.

*கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கான பயிற்சியில் தமிழில் கேள்வி வைத்தோம். திரையில் எழுத்துகள் சிதைந்தன. சில விடைகள் பாதியில் வெட்டுப்பட்டன.*
– பயிற்சியாளர், தருமபுரி

இரண்டும் வேறு வேறு கோளாறுகள். சிதைந்தது, பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பிலிருந்து நகலெடுத்ததால். யூனிகோடுக்கு மாற்றி ஒட்டுங்கள். வெட்டுப்பட்டது, இந்தச் செயலிகள் குறுகிய ஆங்கில விடைகளை எண்ணி இடம் விட்டிருப்பதால். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. முழுக் கேள்வியையும் விடைகளையும் ஸ்லைடில் எழுதிவிட்டு, செயலியில் அ, ஆ, இ, ஈ என்று மட்டும் வையுங்கள். இணையம் போனாலும் அதே ஸ்லைடை நிற அட்டைகளோடு பயன்படுத்தலாம். அட்டையிலும் அதே நான்கு எழுத்துகளைப் பெரிதாக அச்சிடுங்கள். நிறம் பிரித்தறிய முடியாதவர்கள் எந்த அரங்கிலும் ஒருவராவது இருப்பார்கள்.